விளக்கும் வரிப்படமும்: புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார்

எமது கல்லூரியின் சிக் றூமில், கட்டிலுக்கு நேர் எதிரே, கண்ணாடிச் சட்டத்துள் ஒரு படம் தொங்கியது. கணிதச் சோதனை அன்று தலையிடி வந்து அங்கே போய்ப் படுத்த எல்லோருக்கும் அந்தப் படம் நினைவிருக்கும். வெள்ளைத் தலைத்துணி, நீண்ட கறுப்பு அங்கி, கையிலே அலாவுதீன் கதையில் வரும் அற்புத விளக்கைப் போல ஒரு விளக்கு. கீழே பெயர் மட்டும். நாம் அந்த அம்மையாரை அன்பே உருவான ஒரு தேவதை என்று நினைத்துக்கொண்டு, பொய்த் தலையிடியோடு அவரது முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்திருக்கிறோம்.

அந்த விளக்கு பிழையான விளக்கு என்பது மருத்துவபீடத்துக்குப் போன பிறகே எமக்குத் தெரிய வந்தது. அம்மையார் இரவிலே கொண்டு திரிந்தது துருக்கி நாட்டு மடிப்பு விளக்கு. உள்ளே மெழுகுதிரி, சுற்றிவர மடித்து விரிக்கக்கூடிய உறை. பத்திரிகைகளுக்கும் வாழ்த்து அட்டைகளுக்கும் படம் வரைந்தவர்கள் தமக்குத் தெரிந்த விளக்கை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அவரது கையிலே உண்மையில் இருந்த இன்னொரு பொருளை எவரும் வரையவில்லை. அது பேனை. இந்த நூற்றாண்டு மலரில் அவரைப் பற்றி எழுத நாம் விரும்பியதற்குக் காரணம் அந்தப் பேனையும், அதனால் கீறப்பட்ட ஒரு வரிப்படமும், அந்த வரிப்படத்தை எமக்கு வாசிக்கப் பழக்கிய எமது புவியியல் ரீச்சருமே.

புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி, இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். ஊரின் பெயரே பிள்ளைக்குப் பெயராயிற்று. பெற்றோர் ஆங்கிலேயர், செல்வந்தர். ஒரே ஒரு தமக்கை. அந்நாளில் அத்தகைய குடும்பத்துப் பெண் பிள்ளைகள் பாடசாலைக்குப் போவதில்லை. பியானோ, தையல், சித்திரம், கொஞ்சம் பிரெஞ்சு, அவ்வளவே. ஆனால் தகப்பனார் தம் இரு பெண்களையும் தாமே இருத்தி இலத்தீனும் கிரேக்கமும் வரலாறும் தத்துவமும் படிப்பித்தார். தமக்கையார் சித்திரத்தின் பக்கம் போய்விட்டார். தங்கைக்கு எண்களில் ஆசை. இருபதாவது வயதில் கணிதம் படிக்க வேண்டும் என்று கேட்டபோது வீட்டிலே பெரிய பிரச்சினை எழுந்தது. மணம் முடித்துப் போகப்போகிற பெண்ணுக்குக் கணிதம் எதற்கு என்பது தாயாரின் நிலைப்பாடு. பிள்ளைக்காக வாதாடியவர் அவரது அத்தை. பெண் பிள்ளைக்குத் தூய கணிதமா என்று அயலவர் கேட்க, வாதாட ஒரு அத்தையோ மாமியோ அம்மம்மாவோ இல்லாவிட்டால் எம்மில் எத்தனை பேர் உயர்தரத்துக்கு வந்திருப்போம் என்பதை இதை வாசிப்போர் தத்தம் வீட்டை நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

நோயாளரைப் பராமரிப்பதே தமது வேலை என்று அவர் இளவயதிலேயே மனதுக்குள் முடிவு செய்திருந்தார். குடும்பம் சம்மதிக்கவில்லை. அக்காலத்து ஆஸ்பத்திரித் தாதியர் என்றால் குடிப்பழக்கமும் ஒழுக்கக்கேடும் என்பதே பொது அபிப்பிராயம். பல ஆண்டுகள் காத்திருந்தார். விரும்பி வந்த, தாமும் விரும்பிய ஒருவரைக்கூட மணக்க மறுத்தார். அந்தக் காத்திருப்புக் காலத்தில் அவர் செய்த ஒரு வேலையைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டார் எழும்புமுன், விடியற்காலையில், குளிருக்குப் போர்த்திக்கொண்டு, ஆஸ்பத்திரிகள் பற்றிய அரசாங்க அறிக்கைகளைப் படித்துக் கொப்பிகளில் குறிப்பெழுதினார், அட்டவணை போட்டார். ஐரோப்பாவின் ஆஸ்பத்திரிகள் பற்றி அவருக்கிருந்த அறிவு இப்படித் திருட்டுத்தனமாகச் சேர்ந்தது. 1851இல் ஜேர்மனியின் கைசர்ஸ்வேர்த் என்ற இடத்தில் மூன்று மாதம் வரை தாதிமைப் பயிற்சி. 1853இல் இலண்டன் ஹார்லி வீதியில் நோயுற்ற சீமாட்டிகளுக்கான ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாளர்.

அடுத்த ஆண்டு கிரைமியா யுத்தம். காயப்பட்ட பிரித்தானியப் போர்வீரர் கவனிப்பாரற்றுக் கிடக்கிறார்கள் என்ற செய்தி பத்திரிகைகளில் வந்ததும் நாடு கொதித்தது. யுத்த அமைச்சில் பொறுப்பிலிருந்த சிட்னி ஹேர்பேட் அம்மையாரின் நண்பர். அவரது வேண்டுகோளின்படி 38 தாதியரோடு 1854 ஒக்டோபரில் புறப்பட்டு, நவம்பர் 4ஆந் திகதி துருக்கியின் ஸ்கூட்டாரியில் போய் இறங்கினார். அங்கே ஆஸ்பத்திரி என்று பெயர் பெற்றிருந்தது உண்மையில் ஒரு பெரிய படைமுகாம். அதன் கீழே அடைபட்ட கழிவுக் கால்வாய்கள். படுக்கை போதாது, சவர்க்காரம் இல்லை, துவாய் இல்லை. அவர் சமையலறையையும் சலவையையும் ஒழுங்குபடுத்தினார், கையிலிருந்த நிதியில் பொருள் வாங்கினார், இரவிலே வாட்டுகளைச் சுற்றி வந்தார். விளக்கேந்திய சீமாட்டி என்ற பெயர் இங்கேதான் கிடைத்தது. இவ்வளவும் எல்லாரும் அறிந்த கதை. விரைவாகவே கடந்து போகிறோம்.

கதைப் புத்தகங்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான்: அவர் போன பிறகும் அந்தக் குளிர்காலம் முழுவதும் சாவு கூடிக்கொண்டே போனது. 1855 பெப்ரவரியில் ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை பெற்ற 1000 பேருக்கு 427 பேர் இறந்தார்கள். மார்ச் மாதம் இலண்டனிலிருந்து ஒரு சுகாதார ஆணைக்குழு வந்து இறங்கியது. கால்வாய்களைத் துப்புரவாக்கி, காற்றோட்டத்துக்கு வழி செய்து, குடிநீரைச் சீராக்கினார்கள். ஜூன் மாதம் அதே கணக்கு 1000க்கு 22 ஆயிற்று. அம்மையார் 1856 ஓகஸ்டில் நாடு திரும்பியபோது அவரை வரவேற்க ஏற்பாடாகியிருந்த ஊர்வலம், மேளதாளம் எல்லாவற்றையும் தவிர்த்து, வேறு பெயரில் பயணம் செய்து, தனியே நடந்து வீட்டுக்குப் போனார். அவர் மனதில் இருந்தது வெற்றி அல்ல. இத்தனை ஆயிரம் பேர் ஏன் செத்தார்கள் என்ற கேள்வியே.

அந்தக் கேள்விக்கு விடை தேட அவருக்கு வாய்த்த துணை வில்லியம் ஃபார். பிறப்பு இறப்புப் பதிவகத்தில் புள்ளிவிபரப் பொறுப்பாளராக இருந்த மருத்துவர். இருவரும் படையின் பதிவேடுகளை எடுத்து மாதம் மாதமாக எண்ணினார்கள். பதிவேடுகளோ ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இறந்தவர்களின் தொகை ஓரிடத்தில் ஒரு மாதிரி, இன்னோரிடத்தில் வேறு மாதிரி. கடைசியில் தெளிவானது ஒன்று. வீரர்கள் பெரும்பாலும் ரஷ்யக் குண்டால் சாகவில்லை; வயிற்றோட்டம், கொலரா, காய்ச்சல் என்பவற்றால் செத்தார்கள். சமாதான காலத்தில், சொந்த நாட்டு முகாம்களில் இருந்த இளம் வீரர்கள்கூட அதே வயதுச் சாதாரண ஆண்களைவிட ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் இறந்துகொண்டிருந்தார்கள்.

அம்மையார் இவற்றையெல்லாம் ஏறத்தாழ 800 பக்கம் கொண்ட ஒரு பெரிய அறிக்கையாக எழுதினார். அட்டவணை அட்டவணையாக எண்கள். அதை யார் வாசிப்பார்கள்? அமைச்சர்களும் தளபதிகளும் மகாராணியாரும் அட்டவணை வந்த பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஃபாருக்கு அதில் கவலை இல்லை. புள்ளிவிபரம் எவ்வளவு வறட்சியாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது என்ற கட்சி அவர். அம்மையார் மற்றக் கட்சி. காதால் போகாததைக் கண்ணால் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று வரிப்படங்களைக் கீறி, நிறம் தீட்டி, அச்சிட்டார்.

இந்த இடத்தில் எமது வகுப்பறைக்குள் ஒருக்கால் போய்வர வேண்டியிருக்கிறது.

தொண்ணூறுகளில் எமது கல்லூரியில் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். மின்சாரம் இல்லை. கடதாசி இல்லை. பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த காலம். பாடநூல்கள் நாலைந்து வகுப்பு அக்காமாரின் கை மாறி, அட்டை கழன்று எம்மிடம் வரும். அதிலே உரு 4, உரு 5 என்று இருக்கும் இடங்களில் யாரோ மீசை வரைந்திருப்பார்கள். நாம் பாடம் படிப்பதென்றால் பந்திகளைப் பாடமாக்குவதுதான். படம், வரைபு, அட்டவணை, அடிக்குறிப்பு எல்லாம் சோதனைக்கு வராத அலங்காரம் என்பது எமது எண்ணம்.

புவியியல் ரீச்சர் அதை மாற்றினார். அவரது வகுப்பில் பாடநூலைத் திறந்ததும் முதலில் பந்திகளைக் கையால் மூடச் சொல்லுவார். மூடியது போக மிச்சமிருப்பதை மட்டும் பார்க்க வேண்டும். தலைப்பு என்ன, உபதலைப்பு என்ன, எந்தச் சொல் தடித்த எழுத்தில் இருக்கிறது, ஏன்? படத்தின் பெயர் என்ன? எந்த நிறம் எதைக் குறிக்கிறது? அளவுத்திட்டம், அலகு, ஆண்டு எங்கே? இதை யார் எண்ணினார்கள்? இவ்வளவும் கேட்டுவிட்டு, இந்தப் படத்தில் இல்லாதது என்ன என்று ஒரு கேள்வி கேட்பார். அதற்குத்தான் எவருக்கும் விடை தெரியாது. பிறகே கையை எடுத்துப் பந்தியை வாசிக்க விடுவார். பந்தி சொல்வதும் படம் சொல்வதும் ஒன்றுதானா என்று பார்க்கச் சொல்லுவார். சில வேளை ஒன்றாக இராது.

ஒருநாள் வண்ணச் சோக்குகளோடு வந்தார். அந்தக் காலத்தில் நீலச் சோக்கு எங்கே கிடைத்ததோ தெரியாது. கரும்பலகையில் பக்கம் பக்கமாக இரண்டு வட்டப் பூக்கள் மாதிரிக் கீறினார். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு ஆப்புகள், நடுவிலிருந்து வெளியே விரிந்தபடி. வெளிப்பக்கம் நீலம், உள்ளே சிவப்பும் கறுப்பும். பெயரும் இல்லை, குறிப்பும் இல்லை. இது என்ன என்று கேட்டார். ஒருத்தி பூ என்றாள், ஒருத்தி விசிறி என்றாள், பின்வாங்கில் இருந்து ஒருத்தி சேவற்கொண்டை என்றாள். உலகமே அந்த வரிப்படத்தைச் சேவற்கொண்டை என்றும் ரோசாப்பூ என்றும் அழைப்பது அவளுக்கு அன்று தெரியாது. பின்னர் ரீச்சர் ஒவ்வொரு வரியாகக் குறிப்பை எழுதினார். கிழக்கில் இருந்த படையில் இறப்புக்கான காரணங்கள். ஒவ்வோர் ஆப்பும் ஒரு மாதம். நீலம், தடுத்திருக்கக்கூடிய தொற்று நோய்கள். சிவப்பு, காயங்கள். கறுப்பு, ஏனைய காரணங்கள். வகுப்பு அமைதியாகிவிட்டது. பூ பூவாக இல்லை. அன்றாடம் ஷெல் சத்தம் கேட்ட பிள்ளைகள் நாம். யுத்தத்தில் சாவது என்றால் குண்டால் சாவதென்றே நினைத்திருந்தோம். பலகையிலே சிவப்பு மிகச் சின்னதாக, நீலத்துக்குள் ஒடுங்கிக் கிடந்தது.

சிக் றூம் அம்மையார் கீறிய படம் இது என்று ரீச்சர் கடைசியில்தான் சொன்னார்.

அந்த வரிப்படம் 1858இல் அச்சானது. அதை ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தால்தான் அதன் பலமும் தெரியும், பொறியும் தெரியும். முதலாவது பொறி, இடம். நாம் இடமிருந்து வலமாக வாசிப்பவர்கள். ஆனால் 1854 ஏப்ரல் முதல் 1855 மார்ச் வரையான முதலாவது ஆண்டு வலப்பக்கம் இருக்கிறது. சுகாதார ஆணைக்குழு வந்த பிந்திய இரண்டாவது ஆண்டு இடப்பக்கம். மேலே இட்டிருக்கும் 1, 2 என்ற சின்ன இலக்கங்களைக் கவனிக்காதவர், சாவு கூடிக்கொண்டு போனதாக விளங்கிக்கொள்வார். இரண்டாவது, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை அல்ல. நீலமும் சிவப்பும் கறுப்பும் ஒவ்வொன்றும் வட்டத்தின் நடுவிலிருந்தே அளக்கப்படுகின்றன. ஒன்று மற்றதை மறைத்துக்கொண்டிருக்கிறது. இதை அம்மையார் ஓரத்திலே குறிப்பாக எழுதியிருக்கிறார். சில மாதங்களில் ஒரு நிறம் மற்றதோடு பொருந்தி மறைந்துபோவதையும் மாதத்தின் பெயர் சொல்லியே குறித்திருக்கிறார். வாசகர் தடுமாறப்போகும் இடம் எது என்று எண்ணிப் பார்த்து எழுதிய குறிப்பு அது.

மூன்றாவது, அலகு. 1855 ஜனவரி மாதத்து ஆப்புத்தான் ஆகப் பெரியது. அந்த மாதம் படையின் சராசரித் தொகை 32,393. தொற்று நோயால் இறந்தவர் 2,761. காயத்தால் 83. ஏனைய காரணத்தால் 324. நோய்க்குரிய இறப்பு வீதம் அட்டவணையில் ஆண்டொன்றுக்கு 1000க்கு 1022.8 என்று இருக்கும். ஆயிரம் பேரில் ஆயிரத்துக்கு மேல் எப்படிச் சாக முடியும் என்று நாம் கேட்டோம். ஒரு மாதத்துச் சாவை ஆண்டுக் கணக்காகப் பெருக்கியிருக்கிறார்கள். அதே வேகத்தில் போனால், புதிதாக ஆள் அனுப்பாவிட்டால், ஒரு வருடத்துக்குள் படையிலே ஒருவரும் மிஞ்சார் என்பதே அதன் பொருள். எண்ணை விட அலகு பயங்கரமாக இருக்கக்கூடும் என்பதை நாம் விளங்கிக்கொண்டது அப்போதுதான்.

எமக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. நீலத்துக்கு அம்மையார் எழுதிய குறிப்பு வெறுமனே நோய் என்று இல்லை. தடுத்திருக்கக்கூடிய நோய் என்று இருக்கிறது. அந்த ஒரு சொல்லே வழக்கு. 800 பக்க அறிக்கையின் குற்றச்சாட்டை அவர் நிறவிளக்கக் குறிப்பிலே இறக்கிவிட்டார். குறிப்பு என்பது பக்கச்சார்பற்ற ஓர் ஒட்டுச்சீட்டு என்று நினைத்து அதைக் கடந்துபோகும் வாசகர், அவரது வாதத்தைத் தாம் ஏற்றுக்கொண்டதை அறியாமலே ஏற்றுக்கொண்டிருப்பார். நல்ல காரியத்துக்காகச் செய்தார் என்பது உண்மை. அதே உத்தியை மருந்துக் கம்பனிகளும் அரசியல்வாதிகளும் செய்யும்போது எமக்குக் கோபம் வருகிறதே! ஆகவே இரு பக்கத்துக்கும் ஒரே கண்ணாடியைப் போட்டுக்கொள்வதுதான் நேர்மை.

அம்மையார் தாமும் பிழை விட்டார். இதைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை சிக் றூம் படம் மாதிரி ஆகிவிடும். அவர் முதலில் அச்சிட்ட ஒரு வரிப்படத்தில் சாவின் தொகையை நடுவிலிருந்து வெளியே போகும் கோட்டின் நீளமாகக் குறித்துவிட்டு, பரப்பைப் பார்க்கும்படி வாசகருக்கு எழுதியிருந்தார். கண் நீளத்தைப் பார்க்காது. நிறம் தீட்டிய பரப்பைத்தான் பார்க்கும். சாவு நாலு மடங்கானால் கோடும் நாலு மடங்காகும், பரப்போ பதினாறு மடங்காகும். சாதாரண தரக் கணிதம்தான். வட்ட வரைபுகள் கீறிய ஃபாரும் இந்தக் குழியில் விழுந்தவர்தான். பிழையை அறிந்ததும் அம்மையார் திருத்தச் சீட்டு ஒன்றை அச்சிட்டு உள்ளே வைத்தார். பின்னர் படத்தையே மாற்றி, பரப்பு தொகைக்குச் சரியாக வரும்படி ஆப்புகளாகக் கீறினார். பிழையான படம் அவரது வாதத்துக்கு இன்னும் பலமாகத்தான் இருந்தது. நீலம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. அதை அப்படியே விட்டிருந்தால் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். சோதனைத்தாளில் கூடுதலாகப் புள்ளி விழுந்துவிட்டது என்று கொண்டுபோய்க் காட்டிய பிள்ளைகள் எமது வகுப்பில் எத்தனை பேர்? ஒருத்தி இருந்தாள். அவள் இப்போது கணக்காய்வாளர்.

அந்த வரிப்படத்தில் இல்லாதது என்ன என்ற ரீச்சரின் கேள்வியும் மிச்சமிருக்கிறது. அதிலே தாதியர் இல்லை. அம்மையார் வந்து இறங்கிய நாளைக் குறிக்கும் அடையாளம் ஒன்றும் இல்லை. சாவு குறைந்தது தம்மால் என்று காட்ட அவர் விரும்பியிருந்தால் 1854 நவம்பரில் ஒரு கோடு போட்டிருக்கலாம். போட்டிருந்தால் அந்தக் கோட்டுக்குப் பிறகு நீலம் பெருத்திருப்பதும் தெரிந்திருக்கும். கால்வாயும் காற்றும் சரியில்லாத கட்டடத்தில் அன்பான பராமரிப்பு மட்டும் உயிரைக் காக்காது என்பதே அவர் யுத்தத்துக்குப் பின் வந்து சேர்ந்த முடிவு. தம்மைத் தேவதையாக்கிய கதைக்கு எதிராகத் தாமே சாட்சி சொன்ன ஒரு பெண் என்றே நாம் அவரைப் பார்க்கிறோம்.

1858இல் இலண்டன் புள்ளிவிபரவியற் சங்கம் அவரை அங்கத்தவராகத் தெரிவு செய்தது. அந்தச் சங்கத்தின் முதலாவது பெண் அங்கத்தவர் அவரே. 1859 முடிவில் தாதிமை பற்றிய சிறு நூல் வெளிவந்தது. 1860இல் இலண்டன் சென் தோமஸ் ஆஸ்பத்திரியில் தாதியர் பாடசாலை தொடங்கியது. இரண்டும் யாவரும் அறிந்தவை. அதே 1860இல் இலண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளிவிபர மாநாட்டுக்கு, எல்லா ஆஸ்பத்திரிகளும் ஒரே மாதிரியான படிவத்தில் நோயையும் சாவையும் பதிய வேண்டும் என்ற திட்டத்தை அனுப்பினார். 1861 குடிசனமதிப்பில் நோயாளர் தொகையையும் வீடுகளின் தன்மையையும் கேட்க வேண்டும் என்று வாதாடித் தோற்றார். பெரும்பாலும் கட்டிலிலும் சாய்கதிரையிலும் இருந்தபடியே இவ்வளவும் செய்தார். யுத்தகளத்தில் பிடித்த நோய் அவரை நெடுங்காலம் விடவில்லை.

எமது நாட்டையும் அவரது பேனை தொட்டது. குடியேற்ற நாடுகளின் பாடசாலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் சுதேசப் பிள்ளைகளின் சுகாதாரம் எப்படி இருக்கிறது என்று படிவம் அனுப்பி விபரம் திரட்டி 1863இல் அவர் வெளியிட்ட ஆய்வில் இலங்கைப் பாடசாலைகளும் இடம்பெற்றன. அதே காலத்தில் இந்தியப் படைமுகாம்கள் பற்றிய அவரது அறிக்கை வந்தது. அழுக்கு நீர், சாக்கடை எல்லாவற்றையும் எழுத்தில் சொன்னால் போதாது என்று படங்களும் போட்டார். திறைசேரி செலவைப் பார்த்து முகம் சுளித்தபோது அதைத் தாமே ஏற்றுக்கொண்டார். ஆனால் அவரைக் குறை சொல்லவும் இடமுண்டு. சாம்ராச்சியம் தேவையா என்று அவர் கேட்கவில்லை. அதைச் சுகாதாரமாக நடத்த வேண்டும் என்றே கேட்டார். இந்தியப் பஞ்சங்களையும் குடியானவர் கடன்களையும் பற்றிப் பிற்காலத்தில் கடுமையாக எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 1891இல், அவர் எடுத்த ஒரு முயற்சி எமக்கு மிகவும் நெருக்கமானது. அரசாங்கத்திடம் எண்கள் மலைபோலக் கிடக்கின்றன, ஆளுவோருக்கு அவற்றை வாசிக்கத் தெரியவில்லை, ஏனெனில் எந்தப் பல்கலைக்கழகமும் அதைப் படிப்பிக்கவில்லை என்பது அவரது மனக்குறை. ஒக்ஸ்போர்ட்டில் அதற்கென ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்த வேண்டும் என்று பிரான்சிஸ் கால்ற்றனுக்கு எழுதினார். பாடசாலைக் கல்வி, தண்டனை, தொழிலாளர் விடுதி, இந்தியா என்று எந்தெந்த விடயங்களில் எண்களை வாசிக்கப் பழக்க வேண்டும் என்பதையும் எடுத்துக் காட்டினார். முயற்சி கைகூடவில்லை.

எண்ணையும் கோட்டையும் வாசிப்பதில் நாம் கெட்டிக்காரர் என்று நினைத்திருந்த எமக்கு ஒரு பாடம் கிடைத்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர் கிளினிக்கில், ஒரு வயதும் நிரம்பாத பெண் குழந்தையைத் தாய் கொண்டுவந்தார். சளி. குழந்தையின் வளர்ச்சிப் பதிவேட்டை விரித்துப் பார்த்தோம். நிறை பச்சைப் பட்டைக்குள் இருந்தது. பச்சை என்றால் சுகம். மருந்தை எழுதி, பிள்ளை நல்ல வளர்ச்சி என்று சொல்லி அனுப்பப் பார்த்தோம். தாய் எழும்பவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். தயங்கித் தயங்கி, கோடு முன்னம் மேலே ஏறினது, கடைசி மூன்று புள்ளியும் படுத்திருக்குது, அது பரவாயில்லையோ டொக்டர் என்று கேட்டார். நாம் நிறத்தைப் பார்த்தோம். அவர் கோட்டின் போக்கைப் பார்த்தார். அதுதான் அந்த வரைபின் நோக்கமே. அந்தக் குழந்தையின் சிறுநீரில் நாட்பட்ட கிருமித்தொற்று இருந்தது. காலத்தோடு கண்டதால் சிறுநீரகம் தப்பியது. எங்கே படித்தீர்கள் அம்மா என்று கேட்டோம். தமது ஊர் மருத்துவமாது ஒவ்வொரு முறையும் புள்ளியைத் தாம் வைக்காமல் தாயின் கையில் பேனையைக் கொடுத்து வைக்கப் பண்ணுவார் என்றார்.

அன்றிரவு புவியியல் ரீச்சரை நினைத்துக்கொண்டோம். அவர் இப்போது இல்லை. பந்திகளைக் கையால் மூடச் சொன்ன குரல் மட்டும் காதில் இருக்கிறது. எமது கிளினிக்கில் இப்போது பேனை தாய்மாரின் கையிலேயே இருக்கிறது. நேரம் எடுக்கிறது. வரிசை நீளுகிறது. வெளியே இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

நைற்றிங்கேல் அம்மையாரின் கடைசி ஆண்டுகளில் பார்வை போய்விட்டது. 1907இல் மன்னர் அவருக்கு ஓடர் ஒஃப் மெரிற் என்ற விருதை வழங்கினார். பெண் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. அதை உணரும் நிலையில் அவர் இருக்கவில்லை. 1910 ஓகஸ்ட் 13ஆந் திகதி, 90ஆவது வயதில், உறக்கத்திலேயே காலமானார். வெஸ்ட்மின்ஸ்ரர் ஆலயத்தில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தது. ஆடம்பரம் வேண்டாம் என்ற அவரது விருப்பப்படி உறவினர் மறுத்துவிட்டனர். ஹாம்ப்ஷயரில், கிழக்கு வெலோ என்ற கிராமத்துக் கோவில் வளவில், பெற்றோரின் பக்கத்தில் அவரது கல்லறை இருக்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் விளக்கம் எழுதி வைத்தவரின் பகுதியிலே, பெயரின் முதல் எழுத்துகள் இரண்டும், பிறந்த திகதியும், இறந்த திகதியும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.